இணையமும் இளமாணாக்கரும்

மனிதன் கருவிகளை ஆக்குகின்றான். பின்னர் அக்கருவிகள் மனிதனை ஆக்குகின்றன. ஏட்டுச் சுவடிகள் வழங்கிய காலத்து மாணாக்கன் நூல்களை நெஞ்சிற் பதித்து வைத்தான். அச்சுப் புத்தகம் பெருகியபின் மனனஞ் செய்யும் வழக்கங் குறைந்து, பல நூல்களை ஒப்பிட்டு நோக்கும் வழக்கம் வளர்ந்தது. சினிமா வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் இளைஞர் கெட்டொழிவர் எனப் பெரியோர் அஞ்சினர். இன்று அவ்வச்சம் முழுவதும் இணையத்தின்மீதும், அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்ட கைத்தொலைபேசியின்மீதுஞ் சென்று பொருந்தியிருக்கின்றது. பெற்றோர் இருவர் கூடுமிடத்தில் அதுவே பேச்சு. ஆசிரியர் கூட்டங்களில் அதுவே முறைப்பாடு. இவ்வச்சத்தில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு? 13 முதல் 19 வயது வரையுள்ளோர் இணையத்தை எதன்பொருட்டு நாடுகின்றனர்? நாடியபின் அதனை விட்டு நீங்க ஏன் இடர்ப்படுகின்றனர்? இவ்வினாக்களை ஈண்டு ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

இணையத்தின் வரலாறு சுருக்கமாகவேனும் அறியத்தக்கது. 1969ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 29ஆந் திகதி இரவு, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியா சர்வகலாசாலைக் கணினியிலிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்கு ஐந்தெழுத்துக் கொண்ட ஆங்கிலச் சொல்லொன்றை அனுப்ப முயன்றனர். முதலிரண்டு எழுத்துக்கள் சென்று சேர்ந்த அளவில் மறுபுறத்துக் கணினி செயலிழந்தது. இவ்வாறு இரண்டெழுத்தோடு தொடங்கிய தொடர்பே வளர்ந்து, 1983ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, வெவ்வேறு வலையமைப்புக்கள் தம்முட் பேசிக்கொள்ளுதற்குரிய பொது விதிமுறையை மேற்கொண்டது. 1989இல் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ண் ஆராய்ச்சி நிலையத்தில் உலகளாவிய வலையின் திட்டத்தை வகுத்தார். அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி அந்நிலையம் அறிவித்தது. அறிவு யாவர்க்கும் பொது என்னும் எண்ணமே அதன் அடித்தளம் என்பதை நாம் மறத்தலாகாது.

இலங்கையிற் பொதுமக்களுக்கான வர்த்தக இணையச் சேவை 1995ஆம் ஆண்டளவில் தொடங்கியது. போர் நிலவிய வட பகுதியில் தொலைபேசியே அரும்பொருளாயிருந்தமையால், இணையம் எம்மவர் பலரைப் பிந்தியே வந்தடைந்தது. அக்காலத்தில் அது மேசைக் கணினியில் இருந்தது; அக்கணினி வீட்டின் கூடத்தில் இருந்தது; கூடத்திற் பெரியோர் இருந்தனர். 2007ஆம் ஆண்டிலே தொடுதிரைக் கைத்தொலைபேசியான ஐபோன் விற்பனைக்கு வந்ததன் பின்னர் நிலைமை மாறியது. அதனைப் பின்பற்றி மலிவான தொலைபேசிகள் பெருகின. இணையம் கூடத்தை விட்டுச் சட்டைப்பைக்குச் சென்றது. சட்டைப்பையை விட்டுத் தலையணைக்கு அடியிற் சென்றது. இளைஞர்தம் இணையப் பழக்கத்தில் நாம் காணும் மாற்றங்களுட் பெரும்பாலானவற்றுக்கு இவ்விட மாற்றமே முதற் காரணம் எனலாம். முன்னர் ஒருவன் இணையத்திற்குச் சென்று திரும்பினான். இன்று அவன் எங்குச் செல்லினும் இணையம் உடன் செல்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் 13 முதல் 17 வயது வரையுள்ளோரிடம் எடுத்த கணிப்புக்கள் இதனைத் தெளிவாகக் காட்டும். ஏறக்குறைய எந்நேரமும் இணையத்தில் இருக்கின்றோம் என 2014-2015 காலப்பகுதியிற் கூறியோர் நூற்றுக்கு 24 பேர். 2022இல் அத்தொகை நூற்றுக்கு 46 ஆயிற்று. ஏழெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு.

இனி, எமது மாணாக்கர் இணையத்தை எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்று நோக்குவோம். முதலாவது உறவு. மாமன் கனடாவிலும், சித்தப்பா இலண்டனிலும், தந்தை மத்திய கிழக்கிலும் வாழும் குடும்பங்கள் எம்மிடையே பல. பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையிலன்றி நேரிற் காணாத பாட்டிமார் எத்தனை பேர்! இத்தகைய வீட்டிற் கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருளன்று. அது குடும்பத்தின் திண்ணை. இரண்டாவது கல்வி. உயர்தர வகுப்பு மாணவன் கடந்த கால வினாத்தாள்களை இணையத்திற் பெறுகின்றான். வகுப்பில் விளங்காத கணக்கை யூரியூப்பிற் பத்துத் தடவை கேட்கின்றான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றியது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழரின் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் பல்லாயிரக்கணக்கிற் சேர்த்து வைத்திருக்கின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த தலைமுறைக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். மூன்றாவது நட்பு, நான்காவது விளையாட்டும் பொழுதுபோக்கும். இவற்றுள் எதுவும் தன்னளவிற் குற்றமுடையதன்று.

மேலும் ஓர் உண்மையை நாம் நேர்மையோடு கூறல்வேண்டும். இளைஞரிற் பலர் கையிற் கைத்தொலைபேசியைக் கொடுத்தோர் நாமே. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொவிட் நோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. அலைத்தொடர்பு எட்டாத கிராமங்களிற் பிள்ளைகள் மலையேறியும் மரமேறியும் பாடங் கேட்டனர் என்னுஞ் செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. கடன்பட்டும் பெற்றோர் தொலைபேசி வாங்கினர். நோய் நீங்கியது, பாடசாலைகள் திறந்தன, தொலைபேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. இன்றும் வீட்டுப் பாடமும் அறிவித்தலும் இரவு வேளையில் வகுப்புக் குழுக்களில் வந்த வண்ணமாயிருக்க, மாணவன் தொலைபேசியைத் தொடலாகாது என விதித்தல் முரணன்றோ?

பயன்படுத்தலுக்கும் அடிமையாதலுக்கும் இடையேயுள்ள எல்லை யாது? இவ்விடயத்தில் அறிஞருலகம் மெல்ல மெல்லவே ஒரு தெளிவுக்கு வந்தது. 1995இல் ஐவன் கோல்ட்பேர்க் என்னும் அமெரிக்க மனநோய் வைத்தியர், ‘இணைய அடிமைக் கோளாறு’ என்னும் பெயரில் நோய்க்குறிகளின் பட்டியலொன்றை நகைச்சுவையாக எழுதி வெளியிட்டார். நகைச்சுவை என்று எழுதியதைப் பலர் தமது நோயே இது என எடுத்துக்கொண்டனர். மறு ஆண்டிலேயே கிம்பர்லி யங் என்னும் உளநூலறிஞர் அதனை ஆராய்ச்சிப் பொருளாக்கினார். ஆயினும் பொதுப்பட ‘இணைய அடிமை’ என்றொரு நோயை உலக சுகாதார ஸ்தாபனம் இன்றுவரை ஏற்கவில்லை. அதன் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இடம்பெற்றது, கணினி விளையாட்டுப் பற்றிய கோளாறு ஒன்றே.

அக்கோளாற்றுக்கு அந்த ஸ்தாபனம் வகுத்த குறிகள் மூன்று. தொடங்குதலும் நிறுத்துதலும் தன்வசம் இல்லாதிருத்தல் ஒன்று. உணவு, உறக்கம், படிப்பு, உறவு ஆகிய யாவற்றினும் அதுவே முதன்மை பெறுதல் இரண்டு. கேடு விளைவதைக் கண்கூடாகக் கண்டும் அதனைத் தொடர்தல் மூன்று. இவை பொதுவாக ஓராண்டளவு நீடித்து, வாழ்வைப் பெரிதும் பாதித்தால் மாத்திரமே நோயெனக் கொள்ளப்படும். நாளொன்றுக்கு இத்தனை மணித்தியாலம் என்னும் கணக்கு இதில் இல்லாமை கவனிக்கத்தக்கது. நான்கு மணி நேரம் இணையத்தில் இருந்து பௌதிகம் பயின்றவன் அடிமையல்லன். ஒரு மணி நேரமே இருந்தும், அதனை எடுத்து வைத்தாற் கைநடுங்கிச் சினந்து வீட்டாரோடு பொருதுபவன் ஆராயப்படவேண்டியவன். பெற்றோர் கடிகாரத்தைப் பார்ப்பதினும் பிள்ளையைப் பார்ப்பதே நன்று.

அங்ஙனமாயின், நோய் என்னும் எல்லையை எட்டாத எண்ணற்ற இளைஞரும் தொலைபேசியைக் கீழே வைக்க இயலாது தவிப்பது ஏன்? இதற்கு விடை இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று கருவியின் அமைப்பில். மற்றொன்று இளமைப் பருவத்தின் இயல்பில்.

கருவியின் அமைப்பை முதலில் நோக்குவோம். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் புறாக்களைக் கொண்டு பல சோதனைகள் செய்தார். ஒரு பொத்தானைக் கொத்துந்தோறும் இரை கிடைக்குமாயின், இரை நின்றவுடன் புறா விரைவிற் கொத்துவதை விட்டுவிடும். சில வேளை கிடைத்தும் சில வேளை கிடையாதும் இருக்குமாயின், புறா ஓயாது கொத்திக்கொண்டேயிருக்கும். இம்முடிபுகளை அவரும் பேர்ஸ்ரர் என்பாரும் 1957இல் நூலாக வெளியிட்டனர். சூதாட்டக்காரன் எழுந்து செல்லாமைக்குக் காரணமும் இதுவே. இனி, ஒருவன் திரையை விரலாற் கீழே இழுத்துப் புதிய செய்தி உண்டோ எனப் பார்க்குங் காட்சியை நினைத்துப் பாருங்கள். சில வேளை நண்பனின் செய்தி. சில வேளை வெறுமை. சில வேளை வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் படம். எது வருமென்று அறியாமையே விரலை மீண்டும் மீண்டும் இழுக்கச் செய்கின்றது.

இத்துடன் வேறு உபாயங்களுஞ் சேர்ந்தன. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, பத்திரிகைக்கும் உண்டு. அவ்விடத்தில் வாசகன் நிமிர்ந்து பார்த்து, போதும் எனத் தீர்மானிக்கின்றான். 2006இல் ஏசா ரஸ்கின் என்பார் கீழே செல்லச் செல்ல முடிவின்றி நீளும் பக்கத்தை அமைத்தார். அதனால் ‘போதும்’ என்னும் இடமே இல்லாதொழிந்தது. தாம் செய்தது பற்றி அவரே பின்னர் வருந்திப் பேசியுள்ளார். 2009இல் முகநூல் ‘விருப்பக்குறி’யைப் புகுத்தியது, அன்று முதல் நண்பரின் மதிப்பு எண்ணிக்கையாயிற்று. இச்சேவைகள் இலவசமாகக் கிடைப்பன போலத் தோன்றினும், அவற்றை நடத்தும் நிறுவனங்களின் வருவாய் விளம்பரத்திலிருந்து வருகின்றது. பார்ப்போர் எவ்வளவு நேரம் தங்குகின்றனரோ அவ்வளவு விளம்பரம். ஆகவே இளைஞனின் கவனமே அங்கு விலைப்படும் பொருள். பதினான்கு வயதுப் பிள்ளையின் மனவுறுதியை ஒரு புறத்தும், தேர்ந்த பொறியியலாளர் பல்லாயிரவரின் உழைப்பை மறு புறத்தும் நிறுத்தி, பிள்ளை தோற்றான் என்று பழித்தல் நீதியாகாது.

இளமைப் பருவத்தின் இயல்பு அடுத்தது. மூளையின் முன்புறப் பகுதியே முன்யோசனைக்கும் தன்னடக்கத்துக்கும் இடமாவது. அது முதிர்ச்சியடைவது இருபது வயதைக் கடந்த பின்னரே. இன்பத்தையும் புதுமையையும் நாடும் பகுதிகளோ அதற்கு முன்னரே விழித்துக்கொள்கின்றன. அன்றியும், ஒத்த வயதினரின் மதிப்பை நாடுதல் இப்பருவத்துக்கே உரிய பசி. இணையத்தின் முதற் செய்தி புறப்பட்ட அதே கலிபோர்ணியா சர்வகலாசாலையில் 2016இல் வெளியான ஆராய்ச்சியொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்குப் படங்களைக் காட்டி, அவ்வேளையில் அவர்தம் மூளையின் தொழிற்பாட்டைக் கருவியால் அளந்தனர். ஒரே படத்துக்குச் சிலரிடம் மிகுந்த விருப்பக்குறிகளும், வேறு சிலரிடம் குறைந்த விருப்பக்குறிகளும் இட்டுக் காட்டப்பட்டன. மிகுந்த குறிகள் பெற்ற படத்தையே இளைஞர் பெரிதும் விரும்பினர்; தம் படத்துக்கு மிகுந்த குறிகள் இருக்கக் கண்டபோது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதி கிளர்ச்சியுற்றது. ஊரார் கைதட்ட மகிழ்வது எக்காலத்தும் உள்ளதே. ஆனால், கைதட்டலை நாள் முழுவதும் எண்ணிக் காட்டும் கருவி முன்பு இருந்ததில்லை.

இதனால் விளையுங் கேட்டின் அளவு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜொனதன் ஹைற் என்னும் உளநூலறிஞர் 2024இல் வெளியிட்ட நூலில், இளைஞரின் மனத்துயர் பெருகியமைக்குக் கைத்தொலைபேசியே பெருங் காரணம் என வாதித்தார். ஏமி ஓர்பன், அன்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகியோரோ மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞரின் தரவுகளை ஆராய்ந்து, மனநலத்தில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு 0.4 பங்குக்கு மேல் இதனால் விளங்கவில்லை என 2019இற் காட்டினர். இரண்டும் முற்றிலும் முரண்பட்டன என்று கொள்ளவேண்டியதில்லை. பெருந்தொகையினரைச் சராசரியாக நோக்கின் கேடு சிறிது. நொந்த மனத்தோடு இணையத்திற் புகுந்த சிலருக்கு அது பெரிது. ஒரு நிறுவனத்தின் உள் ஆய்வேடுகள் 2021இல் வெளிப்பட்டபோது, தம் உடல் பற்றி வருந்தியிருந்த இளம் பெண்களில் நூற்றுக்கு 32 பேர் இன்ஸ்ரகிராமினால் அவ்வருத்தம் மிகுந்ததாகக் கூறியிருந்தமை தெரியவந்தது. மழை எல்லார்மீதும் பெய்கின்றது. கூரை ஒழுகும் வீட்டிலேதான் வெள்ளம்.

உறக்கத்தைப் பற்றியோ ஐயமில்லை. 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால உறக்கம் வேண்டும் என்பது வைத்திய அறிஞர் முடிபு. இப்பருவத்தில் உடலின் கடிகாரமே இயல்பாகப் பிந்தி ஓடும். உறக்கம் நேரஞ்சென்றே வரும். அவ்வேளையிற் கையில் ஒளிரும் திரையும் இருந்தால், நள்ளிரவு கடந்தும் விழித்திருத்தல் எளிது. பள்ளி மணியோ விடியலில் அடிக்கும். முதற்பாடத்திற் கண்சொருகும் மாணவனைச் சோம்பேறி என்று கடிவதற்கு முன், அவன் எத்தனை மணிக்கு உறங்கினான் என வினவுதல் ஆசிரியர் கடன்.

கல்விக்கு நேரும் மற்றோர் இடரையுங் கூறுவோம். படித்ததை மீண்டும் மீண்டும் பார்ப்பதினும், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நீண்டநாள் நிலைக்கும் என்பதை ரோடிகர், கார்ப்பிக் என்னும் ஆய்வாளர் 2006இல் நிறுவினர். எம் முன்னோர் பாடம் ஒப்புவித்த முறையின் பயனும் அதுவே. விடை விரல்நுனியில் இருக்குமிடத்து, நினைந்து எடுக்கும் அம்முயற்சி நிகழ்வதில்லை. 2022ஆம் ஆண்டு நவெம்பரில் சற்ஜிபிரி வெளிவந்த பின், கட்டுரையையே எழுதித் தரும் பொறி மாணவனுக்குக் கிடைத்துவிட்டது. பிறர் ஓடினால் நம் கால் வலுப்பெறுமா? முதலில் தானே எழுதி, பின்னர் அப்பொறியிடம் குறை கேட்பவன் அதனை ஆசிரியனாகக் கொள்கின்றான். எழுதவே அதனை ஏவுபவன் தன் அறிவைக் குத்தகைக்கு விடுகின்றான்.

அரசுகள் சட்டத்தால் இதனைத் தடுக்க முயன்றுள்ளன. தென் கொரியா 2011இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதற் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடலாகாது என விதித்தது. பயன் குறைவெனக் கண்டு, 2022 தொடக்கத்தில் அவ்விதி நீங்கியது. சீனா 2021இல், 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மாத்திரமே ஆடலாம் எனக் கட்டளையிட்டது. அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் பெரிய சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்குஞ் சட்டம் 2025ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் பிள்ளையையோ பெற்றோரையோ தண்டிப்பதில்லை. தவறும் நிறுவனத்துக்கே 4 கோடியே 95 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டம். பொறுப்பை வைக்கவேண்டிய இடத்தில் வைத்தமை அதன் சிறப்பு. அதன் முழுப் பயனையும் காலமே காட்டவேண்டும்.

சட்டத்தை எதிர்பார்த்து நாம் வாளாவிருத்தல் தகாது. நம்மால் இயல்வன உள. பெற்றோர், இரவிற் குறித்த நேரத்தில் வீட்டிலுள்ள தொலைபேசிகள் யாவற்றையும், தமதையுஞ் சேர்த்து, கூடத்தில் ஓரிடத்தில் வைக்கும் வழக்கத்தை உண்டாக்கலாம். தந்தை உணவுண்ணும்போதும் திரையை நோக்கியிருக்க, மகனுக்குக் கூறும் புத்திமதி காற்றோடு போம். ஆசிரியர், மாலை வேளைக்குப் பின் வகுப்புக் குழுக்களிற் பாடம் அனுப்புவதில்லை எனத் தம்முள் உடன்படலாம். மாணவர், வேண்டாத அறிவித்தல் ஒலிகளை நிறுத்திவிடலாம். படிக்கும் வேளையிற் கருவியை மற்றோர் அறையில் வைக்கலாம். தம் படத்தைக் காட்டி எவரேனும் மிரட்டினால், வெட்கத்தால் மறையாது உடனே பெரியோர் ஒருவரிடங் கூறவேண்டும்; தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கம் இதற்கென்றே உள்ளது. அவ்வாறு வரும் பிள்ளையை முதலிற் கடியாது கேட்பது எம் கடமை. கடிந்தால் மறுமுறை அவன் வாரான்.

பழைய மாணவராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. கல்லூரிக்குக் கணினிகளை அன்பளித்தல் நன்றே, பலர் செய்துள்ளனர். அதனோடு, மாலை 6 மணி வரை திறந்திருக்கும் நூலகமும், விளக்கு வசதியுள்ள விளையாட்டிடமும், நாடகமும் விவாதமும் பயிலும் மண்டபமும் வேண்டும். இளைஞன் இணையத்தில் தேடுவது பெரும்பாலும் தோழமையையும், மதிப்பையும், தன் திறமை வெளிப்படும் களத்தையுமே. மாலை முழுவதும் ரியூட்டரியிற் கழிய, மைதானம் வெறிச்சோடிக் கிடக்குமாயின், அவன் அவற்றைத் திரையிலன்றி வேறெங்கே தேடுவான்? ஒன்றைப் பறிப்பதற்கு முன் வேறொன்றைக் கொடுத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மறு ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அச்சியந்திரம் அந்நாளில் இங்குப் பெரிதும் பாதிரிமார் கைக்கருவியாயிருந்தது. அதனைப் பிறர் கருவி என ஒதுக்காது, அதன் தொழிலைக் கற்று, தம் நோக்கத்துக்கு அதனைப் பணிகொண்டார் அவர். கருவிக்கு எசமானனாதல் என்பது இதுவே. நோக்கம் முன்னே இருந்தது. கருவி பின்னே வந்தது. எம் மாணாக்கரும் கைத்தொலைபேசியை எடுக்குந்தோறும், ‘எதற்காக எடுத்தேன்?’ எனத் தம்மைத் தாமே ஒரு கணம் வினவுவாராக. விடை உளதாயின் அப்பணியை முடித்து வைத்துவிடுக. விடை இலதாயின் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுக. அவ்வொரு கணத்தை மாணாக்கருக்குப் பழக்கிக் கொடுக்கும் கல்லூரி, இந்நூற்றாண்டிற் கொடுக்கத்தக்க கல்விகளுட் சிறந்ததொன்றைக் கொடுத்ததாகும்.